பிக்கப்புக்கு பிளாக் மாற்றுகிறீர்களா?

விடியற்காலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கோயம்பேட்டுக்குப் போகும் காய்கறி பிக்கப்களைப் பாருங்கள். பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து போகும் வண்டி ஒன்றாவது கண்ணில் படும். “பிளாக் போட்டுத் தூக்கிடலாம்ணே” என்பார்கள் பட்டறையில். ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே வைக்கும் உலோகத் துண்டுதான் பிளாக். அதனால் வண்டியின் உயரம் கூடும். லோடு தாங்கும் சக்தி ஒரு கிலோகூடக் கூடாது. தொய்ந்தது பட்டை என்றால், மாற்ற வேண்டியதும் பட்டையைத்தான்.

ஏற்கெனவே பிளாக் உள்ள வண்டியில் அதை மாற்றும்போது பழைய யு-போல்ட்டையே திரும்ப மாட்டிவிடுகிறார்கள். இறுக்கி இறுக்கி இழுபட்ட போல்ட் அது. புதிதாகத்தான் போட வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை குழியில் சரியாக உட்காராவிட்டால் ஆக்சில் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். இரண்டு பிளாக்கை அடுக்குவது கூடவே கூடாது. சில நாள் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குவது அவசியம்.

பலர் மறப்பது பிரேக்கை. பல பிக்கப்களில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த ஒரு வால்வு உண்டு. பாடி எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பார்த்து, பின்சக்கரத்துக்கு அதற்கேற்ற பிரேக் அழுத்தம் தருவது அதன் வேலை. பிளாக் வைத்துத் தூக்கினால் வண்டி காலி என்று அது ஏமாந்துவிடும். முழு லோடோடு மேம்பாலத்தில் இறங்கும்போது பின்பிரேக் குறைவாகவே பிடிக்கும். அந்தக் கம்பியையும் கம்பெனி சொன்ன அளவுக்குத் திருத்தாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.