மரோலியில் ஒரு பார்சி அம்மையார்

சென்ற மாதம் ஓர் அலுவல் நிமித்தம் வாகரைக்குச் சென்றிருந்தோம். பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போனதும், ஒரு வீட்டு முற்றத்தில் மூதாட்டி ஒருவர் பன்பாய் இழைத்துக் கொண்டிருக்கக் கண்டோம். வேலையின் நேர்த்தியைப் பாராட்டினோம். அவர் மகிழவில்லை.

“கடன் தாறதுக்குக் கிழமைக்கு ஒரு ஆள் வருகுது மனே. பாயை வாங்கத்தான் ஒருத்தரும் இல்லை” என்றார்.

கேள்வி, நிரம்பல் என்று வகுப்பிலே நாம் நாட்கணக்கில் விளக்கும் விஷயத்தை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்!

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006-07இன் போரும் இடப்பெயர்வும் வாகரையை எவ்வாறு வாட்டின என்பதை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. குடும்பச் சுமை முழுவதையும் தனித்துத் தாங்கும் பெண்கள் அங்கே பலர். அவர்களுக்கு உதவுவதாக வந்த நுண்கடன் பலருக்குக் கழுத்துச் சுருக்காயிற்று. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பட்ட இத்தகைய கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே ஏற்க முன்வந்ததென்றால், நிலைமை எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எமக்கு மிதுபென் பெட்டிட் அம்மையாரின் நினைவே வந்துகொண்டிருந்தது. அவர் பார்சி குலத்தவர். ஈரானிலிருந்து குஜராத்துக்கு வந்து குடியேறிய ஜரதுஷ்டிர சமயத்தவரே பார்சிகள். கொழும்புக்குச் சென்றோர் புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். 1923இல் ஒரு பார்சிக் குடும்பத்தினர் தம் தந்தையின் நினைவாக எழுப்பியது அது. நல்ல நினைவு, நல்ல சொல், நல்ல செயல் என்ற மூன்றையும் சமயக் கடனாகக் கொண்ட அச்சிறு சமூகத்தார், சென்ற இடமெல்லாம் மருத்துவமனை, பாடசாலை என்று வாரி வழங்கியவர்கள். அந்தக் கொடையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மிதுபென் அம்மையார் வழங்கியது வேறு வகை.

1892இல் பிறந்த அவர், பம்பாயின் பெருஞ் செல்வக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். பட்டுடுத்தி மாளிகையில் வாழ்ந்திருக்கலாம். கதருடுத்திக் காந்தியடிகளைப் பின்பற்றினார். பம்பாயில் ராஷ்ட்ரீய ஸ்திரீ சபை என்றொரு பெண்கள் சங்கம் இருந்தது. தாதாபாய் நவுரோஜியின் பேத்திமாரும் அதில் உழைத்தார்கள். கதர்த் துணியில் ஏழைப் பெண்களைக் கொண்டு பூவேலை செய்வித்து, அதை நகரத்துச் சீமாட்டிகளிடம் விற்பது அச்சபையின் பணிகளுள் ஒன்று. வேலை கொடுத்தவர்களே வாங்குவோரையும் தேடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகளோடு நின்ற பெண்மணிகளுள் மிதுபென் ஒருவர். பின்னர் சூரத் மாவட்டத்துக் கள், சாராயக் கடைகளுக்கு முன்னே மறியலுக்குப் பெண்களை அழைத்துச் சென்றார். அக்கடைகளிற் பல பார்சிகளுக்கே உரியவை! ஏழைக் குடும்பத்தின் கூலி எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கண்டபின், தம் இனத்தவரின் கடை என்று அவர் தயங்கவில்லை. கோபுரம் கட்டுவதிலும் கடினமான காரியம் இதுவென்பது எமது எண்ணம்.

அதன்பின் அவர் பம்பாய் மாளிகைக்குத் திரும்பிவிடவில்லை. சூரத்துக்கும் நவசாரிக்கும் இடையிலுள்ள மரோலி என்ற கிராமத்தில் ஆச்சிரமம் அமைத்து, கஸ்தூர்பா நெசவுச்சாலையைத் தொடங்கினார். பழங்குடியினர், அரிசனங்கள், மீனவர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே சேர்ந்தனர். பஞ்சு கொட்டுதல், நூற்றல், நெய்தல், பால்பண்ணை, தோல்வேலை எல்லாம் கற்பிக்கப்பட்டன. பெண்கள் சொந்தக் காலில் நிற்கவேண்டுமென்று தையலிற் சான்றிதழ் வகுப்பும் நடந்தது. மனநோயாளருக்கு ஒரு மருத்துவமனையும் தொடங்கினார். 1961இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1973இல் அவர் மறைந்தார்.

மரோலியின் மீனவப் பெண்ணுக்கும் எங்கள் களப்போரத்துப் பெண்ணுக்கும் அதிக வேற்றுமை இல்லை. ஒன்று மட்டும் உண்டு. வாகரையில் தொழிலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பாய் இழைக்கவும் கருவாடு பதப்படுத்தவும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இறால் விலையையும் நண்டு விலையையும் கரையிலேயே நிர்ணயிப்பவன் வெளியூர் முதலாளி. அங்கே குறைவது கைத்திறன் அன்று, நியாயமாக வாங்கும் ஒரு கை. கடன் கொடுப்போர் இதைக் கேட்பதில்லை. அவர்களுக்குத் தவணை வந்தாற் போதும்.

அந்த மூதாட்டியிடம் நாம் இரண்டு பாய்கள் வாங்கினோம். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அவற்றைத் தடவிப் பார்த்து, “இந்தக் காலத்திலும் இப்படி இழைக்கிறார்களா? எங்கே வாங்கலாம்?” என்று ஆவலோடு கேட்டார். வாகரை என்றோம். “அவ்வளவு தூரமா!” என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்தார்.