லாரியின் குறையைப் படிக்கும் சாவி யார் கையில்?

மீன்சுருட்டி வழியாக இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரியலூர்ச் சிமெண்டும், காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல்லும், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியும் இந்தச் சாலைகளில்தான் போகின்றன. ஒரு லாரி நின்றுவிட்டால் டிரைவருக்குப் படி போச்சு. கிளீனருக்குக் கூலி போச்சு. மூட்டை தூக்கக் காத்திருக்கும் சுமைத் தொழிலாளிக்கும் அன்றைய பிழைப்பு போச்சு. கடன் வாங்கிச் சிறு வண்டி ஓட்டுகிறவர் கதி என்ன? வண்டி நிற்கலாம், தவணை நிற்காது!

ஆகவே, லாரிக்கு ஸ்கேனர் வாங்குவது பற்றிய பேச்சு முதலாளிமார் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

விளக்கு எரிகிறது, காரணம் என்ன?

முன்பெல்லாம் பட்டறை மேஸ்திரி இஞ்சின் சத்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லிவிடுவார். இன்று அந்தக் காது மட்டும் போதவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. புதிய வண்டிகளில் சென்சார்களும், இஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் நிறைந்துவிட்டன. பெரிய லாரிகளில் புகை வடிகட்டியும் யூரியாக் கரைசல் டேங்கும் உண்டு. ஏதாவது கோளாறு என்றால் பெட்டி விளக்கை எரிய விடும். ஓர் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளும். யூரியாக் கரைசல் தீர்ந்தால் இஞ்சினின் இழுவையையே குறைத்துவிடும்.

அந்த எண்ணைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர்.

எதை வாங்குவது?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவியைச் சொருகி, செல்போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொண்டால் போதும் என்று விளம்பரம் சொல்கிறது. இதில் பாதிதான் உண்மை.

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். சிறு சரக்கு வண்டி 12 வோல்ட். பெரிய லாரி 24 வோல்ட். காருக்கென்று செய்த கருவியைப் பெரிய லாரியில் சொருகினால் அது எரிந்துபோகலாம். துளை பொருந்துகிறதே என்று ஏமாறக் கூடாது.

இரண்டாவது, பாஷை. காரும் சிறு வண்டியும் பேசுகிற பாஷை ஒன்று. பெரிய லாரிகள் பெரும்பாலும் பேசுவது ஜே 1939 என்ற வேறு பாஷை. அதில் குறை இரண்டு எண்களாக வரும். எந்த இடம் என்பதை எஸ்.பி.என். சொல்லும், என்ன விதமான கோளாறு என்பதை எப்.எம்.ஐ. சொல்லும். உதாரணமாக, எஸ்.பி.என். 100 என்றால் இஞ்சின் ஆயில் பிரஷர். அதோடு எப்.எம்.ஐ. 1 வந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். அதே 100-உடன் 3 அல்லது 4 வந்தால், சென்சாரிலோ அதன் ஒயரிலோ மின்கோளாறு என்று பொருள். முதல் எண்ணை மட்டும் பார்த்தவன் நல்ல இஞ்சினைப் பிரிப்பான். அல்லது கெட்ட இஞ்சினை ஓட்டித் தீர்ப்பான்!

மூன்றாவது, வேலை. எண்ணைப் படிப்பது ஒன்று. ஓடும் இஞ்சினின் வெப்பம், பிரஷர் முதலியவற்றை அப்போதைக்கப்போது காட்டுவது இன்னொன்று. அடைத்த புகை வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கட்டளையிடுவது மற்றொன்று. மலிவுக் கருவிகளில் பல மூன்றாவது வேலையைச் செய்யாது. உங்களுக்கு எது தேவை என்று தீர்மானித்த பிறகே காசை எடுங்கள்.

நான்காவது, ஆப்பின் சங்கதி. வருஷா வருஷம் சந்தா கேட்குமா? சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? எண்ணைப் படிக்கும் ஆப்புக்கு உங்கள் போனிலுள்ள பெயர்ப் பட்டியல் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள். வாங்குமுன் உங்கள் வண்டியிலேயே சொருகிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவனிடம் வாங்க வேண்டாம்.

எண் தீர்ப்பல்ல

ஸ்கேனர் சாட்சி சொல்லும், தீர்ப்பு சொல்லாது. சிறு வண்டிகளில் பி 0087 என்று வந்தால் டீசல் பிரஷர் குறைவு என்று அர்த்தம். பில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், சென்சார் கெட்டிருக்கலாம், பம்பே போயிருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் பம்பை மாற்றச் சொல்பவன் உங்கள் பையைப் பார்க்கிறான். விலை குறைந்ததிலிருந்து சோதிக்கச் சொல்லுங்கள். எண்ணை எழுதிக்கொள்ளாமல் அழிக்கவும் விடாதீர்கள். அழித்தால் தடயம் போகும், நோய் போகாது.

யூரியாச் செலவை மிச்சப்படுத்தப் பெட்டியை ஏமாற்றும் கள்ளக் கருவிகளும் விற்கின்றன. அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது சாலையோரக் குடிசையிலுள்ள நம் பிள்ளைகளே!

பூட்டு யாருடையது?

மேஸ்திரிக்குத் திறமை இல்லாமலா வண்டி கம்பெனி சர்வீஸ் வாசலில் தவம் கிடக்கிறது? இல்லை. பல எண்களின் பொருளும், பெட்டிக்குள் நுழையும் சாப்ட்வேரும் கம்பெனிகளின் பூட்டுக்குள் இருக்கின்றன. கார்களின் விஷயத்தில் இது ஏற்கெனவே வெட்டவெளிச்சமாயிற்று. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின. 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இணையதளம் பூட்டைத் திறந்துவிடுமா? அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான்: டிராக்டரைத் தானே ரிப்பேர் செய்ய முடியாமல் விவசாயிகள் குமுறினார்கள், 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் ஜான் டியர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது.

நாம் செய்ய வேண்டியது

நல்ல லாரி ஸ்கேனருக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். தனி ஆளுக்கு அது சுமை. பத்து டிரைவர்களும் நம்பிக்கையான ஒரு பட்டறையும் சேர்ந்தால் அது சுமையல்ல. கூட்டாக வாங்குவோம்; வந்த எண், கண்ட குறை, ஆன செலவு மூன்றையும் ஒரே நோட்டில் எழுதிவைப்போம். அந்த நோட்டு நாளடைவில் எந்த ஆப்பையும் விடப் பெரிய ஆசானாகும்.

எண்களின் பொருளும் கருவியும் வெளிப் பட்டறைகளுக்கு நியாய விலையில் கிடைக்கச் சட்டம் வேண்டும். அரசு ஐ.டி.ஐ.களில் பழைய மெக்கானிக்குகளுக்கும் தமிழில் பயிற்சி வேண்டும். ஒற்றை எண்ணைக் காட்டி டிரைவர் சம்பளத்தில் கைவைப்பதைத் தடுக்க வேண்டும்.

வண்டியை ஓட்டுகிறவனுக்கும் அதைச் சீர் செய்கிறவனுக்கும் அதன் குறையை அறிய உரிமை உண்டு. அந்தச் சாவியைக் கேட்டுப் பெறுவோம்!