ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் அடுக்களையில் பிறந்த பழமொழி. அடுக்களையில் அது பொய்த்ததில்லை. அதனை ஓர் அலுவலகக் கட்டடத்திற்குக் கொண்டு சென்றால் என்ன நேரும் என்பதை 2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கண்டேன். பொறியியல் பயில்வோர் மட்டுமன்று, நாளை ஏதேனும் ஒரு தாளில் கையொப்பமிடப்போகும் தோழர் அனைவரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

பயிற்சிக்காக நான் சென்ற வணிகக் கட்டடத்தில், மாடிதோறும் கணினிகளுக்கான கேபிள்களை இழுத்து முடித்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் சோதித்துச் சான்று தரும் வேலை மட்டுமே எஞ்சியிருந்தது.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். இவ்வாறு முறுக்கும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றார். ஓர் இணையின் செய்தி அடுத்த இணையில் கசியாமல் காப்பது அந்த முறுக்கே. ஆகவே முனையைச் சாக்கெட்டில் பொருத்தும்போது, அரை அங்குலத்துக்கு மேல் அதனைப் பிரித்தல் ஆகாது.

சோதிக்கும் கருவிகளில் மலிவானது, எட்டு விளக்குகளை வரிசையாக எரித்துக் காட்டும். கம்பி அறுபடவில்லை, இடம் மாறவில்லை என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. சான்றளிக்கும் கருவியோ இரு முனைகளிலும் அமர்ந்து, கேட் 6 கேபிளாயின் 250 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், கேட் 6ஏ ஆயின் 500 வரையிலும் அளக்கும். செய்தி வழியில் எவ்வளவு தேய்கிறது, எவ்வளவு கசிகிறது, எவ்வளவு எதிரொலித்துத் திரும்புகிறது என்பதையெல்லாம் பதிவு செய்யும். விலை பல இலட்சம். எங்களுடையது வாடகைக் கருவி.

அதனைத் திருப்பித் தருவதற்கு முந்திய நாள் மாலை. 12 கேபிள்கள் மீதம் இருந்தன. மேற்பார்வையாளர் நம் ஊர்க்காரர். தம் மதியச் சாப்பாட்டில் எனக்கும் பங்கு தந்தவர். "தம்பி, எல்லாம் ஒரே கேபிள், ஒரே ஆட்கள் போட்டது. ஒரு சோறு பதம் பார்த்தால் போதாதா? நல்லதாக ஒன்றை 12 முறை அளந்து, 12 பெயரில் சேமித்துவிடு" என்றார். மறுக்க நா எழவில்லை. செய்துவிட்டேன். பன்னிரண்டும் 'பாஸ்'!

அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அது கதையாகும். நன்றாகவே உறங்கினேன். காலையில் கருவியைப் பெட்டியில் வைக்கப் போனபோதுதான் மனம் உறுத்தியது. பன்னிரண்டையும் அளந்தேன். இரண்டு தோற்றன. ஒன்றில் முறுக்கு ஒரு விரல் நீளம் பிரிந்து கிடந்தது. மற்றொன்றில், இரண்டு இணைகளின் கம்பிகளை இரு முனையிலும் ஒரே வகையில் மாற்றிக் கோத்திருந்தார்கள். விளக்குக் கருவியில் எட்டு விளக்கும் அழகாக எரியும். செய்தியோ அடுத்த இணையில் கசியும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஆளைக் கூப்பிட்டார். சரி செய்ய அரை மணி கூட ஆகவில்லை. பொய்ப் பதிவுகளை அழித்தோம்.

பழமொழி ஏன் பொய்த்தது? பானையில் நீரும் ஒன்று, நெருப்பும் ஒன்று. கேபிள் ஒரே ஆலையில் வந்திருக்கலாம். ஆனால் முனைகள் 24. ஒவ்வொன்றும் ஒரு கை, ஒரு நேரத்தில், ஓர் அலுப்போடு பொருத்தியது. ஒவ்வொரு கேபிளும் தனித்தனிப் பானை!

சான்றே இல்லாத கேபிளை ஒருவன் ஐயுறுவான். பொய்ச்சான்று பெற்ற கேபிளை எவன் ஐயுறுவான்? கூரையை மூடிய பிறகு, கணினியைக் குறை சொல்வார்கள், மென்பொருளைக் குறை சொல்வார்கள், வேலை செய்பவனையும் குறை சொல்வார்கள். கேபிளை மட்டும் தொடமாட்டார்கள்.

மேற்பார்வையாளரை மட்டும் பழிப்பது முறையன்று. குறைந்த விலையையும் குறுகிய தவணையையும் கேட்டுவிட்டு, வந்த தாளைப் படியாமல் கோப்பில் வைக்கும் உரிமையாளருக்கும் இதில் பங்குண்டு. நீளம் குறித்த எண்களைப் பார்த்தாலே போதுமே! 12 அறைகளும் ஒரே தொலைவிலா இருக்கும்? கேபிள் போட்டவர் வேறு, அளப்பவர் வேறு என்றிருக்க வேண்டும். அச்சிட்ட தாளை ஏற்காமல், கருவியின் மூலப் பதிவையே கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் தோழர்களே, இந்தப் பழக்கம் கட்டடத்திலா தொடங்குகிறது? ஆய்வுக்கூடத்தில், சென்ற ஆண்டு அண்ணனின் குறிப்பேட்டிலிருந்து அளவுகளை எடுத்தெழுதி, 'சரி' என்று குறி வாங்கிய நாளில் தொடங்கவில்லையா? அன்று மாலை என் கை தயங்காததற்குக் காரணம் அந்தப் பழக்கமே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கையொப்பம் என்பது 'நான் அளந்தேன்' என்னும் வாக்கு. அளக்காததை அளந்தோம் என்று எழுதாதிருப்போம். அடுத்த ஆய்வுக்கூட வகுப்பிலேயே அதனைத் தொடங்கலாம்.