நீலத்தை மாற்றலாமா?

சயனோடைப் படம் என்றாலே நீலம்தான். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்ததிலிருந்து அப்படித்தான். என்ஜினியர்கள் 'ப்ளூபிரிண்ட்' என்று சொன்னார்களே, அதுவும் இதே இரும்பு உப்பு வேலைதான். அந்த நீலத்தைப் பழுப்பாகவோ கருப்பாகவோ மாற்றுவதற்குப் பெயர் டோனிங். நீலத்தைத் தொடவே கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. என்னைக் கேட்டால் தாராளமாக மாற்றலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, பிறகு சொல்கிறேன்.

படத்தில் இருப்பது பிரஷ்யன் நீலம். சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் நீலம் வெளுத்து மஞ்சளாகிவிடும். நிறம் போனாலும் இரும்பு தாளிலேயே தங்கியிருக்கும். அடுத்து, துவர்ப்புள்ள கஷாயம் எதிலாவது ஊறவைத்தால், அந்த இரும்பு துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு கருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு எல்லோரும் டீ, காபி என்றே எழுதுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கைக்கெட்டுவது அது. பொம்மிடியில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் டீத்தூளை வீணாக்க வேண்டும்? (பக்கத்திலேயே சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் இருப்பதால் காபிக்கு மட்டும் சலுகை :-) ) நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கிடைக்கிறது. காட்டோரம் ஆவாரை நிற்கிறது. மதராஸ் மாகாணத்தில் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையை வைத்துத்தானே!

கலம்காரிக்காரர்களுக்கு இந்த வேதியியல் நெடுநாளாகத் தெரியும். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து நனைத்துக் காயவைப்பார்கள். பிறகு வெல்லத் தண்ணீரில் ஊறிய துருப்பிடித்த இரும்பின் சாற்றால் கோடு இழுப்பார்கள். கோடு கருப்பாகிவிடும். அங்கே முதலில் கடுக்காய், பிறகு இரும்பு. நம் படத்தில் இரும்பு முதலிலேயே தாளில் இருக்கிறது, கடுக்காய் பின்னால் வருகிறது. வரிசைதான் வேறு.

இப்போது அந்த நிபந்தனை. பழசு போலக் காட்டுவதற்காக டோனிங் செய்யக்கூடாது. போன வாரம் எடுத்த படத்தை டீயில் முக்கி, வெள்ளைப் பகுதியெல்லாம் கறை ஏற்றி, தாத்தா காலத்துப் படம் மாதிரி மாட்டி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நம் வீடுகளில் நிஜமான பழைய படங்களே கறையான் அரித்தது போக மிச்சம்தான். அதில் பொய்ப் பழசு வேறு கலந்தால், ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் எதை நம்புவார்?

வெளிறிய படத்தைக் காப்பாற்றவும் டோனிங் உதவாது. சோடா முதலில் தின்பது மெல்லிய சாயல்களைத்தான். நன்றாக வெயில் பட்டு, அடர்த்தியாக வந்த படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோடாவில் சில நொடி போதும். நிழல் பகுதியில் நீலம் மிஞ்சி, ஓரங்களில் பழுப்பு ஏறி, இரண்டும் சேர்ந்து நிற்பதுதான் எனக்கு அழகாகத் தெரிகிறது. காய்ந்த பிறகு தாளின் பின்பக்கம் பென்சிலில் தேதியையும், கடுக்காயா ஆவாரம் பட்டையா என்பதையும் எழுதி வையுங்கள்.