பாம்புக்குள்ள ஷைத்தானை வச்சது ஆரு?

போன மாசம் கெம்பஸ் கன்டீன்ல ஒரு வாக்குவாதம். ஒரு பிளேன்டீ குடிச்சு முடியிற நேரம்தான் நடந்தது. வட்ஸ்அப்பில ஒரு பயான் கிளிப் வந்திருந்தது. பாம்பு எண்டா ஷைத்தான், பாம்புக்குப் பால் வைக்கிறவன் ஷைத்தானுக்குத்தான் பால் வைக்கிறான் எண்டு ஒருத்தர் சத்தம் போடுறார். "எங்கட பைபிள்லயும் அப்படித்தான் மச்சான் இருக்கு" எண்டான் கிறிஸ்தவக் கூட்டாளி. நானும் தலையாட்டினேன். மூன்றாவது கூட்டாளி ஒண்டும் பேசல்ல. அவன்ட வளவுக்குள்ள நாகதம்பிரான் இருக்கிறார். அங்க பொங்கின பொங்கலை நான் சாப்பிட்டும் இருக்கிறேன்.

அண்டைக்கு ராத்திரி ரெண்டு வேதத்தையும் எடுத்து வச்சுப் பார்த்தேன். தலையாட்டின ரெண்டு பேரும் பிழை.

முதலில் பைபிள். ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் ஏவாளோடு பேசுவது ஒரு பாம்பு. கடவுள் படைத்த காட்டு விலங்குகளில் தந்திரம் கூடியது என்பதுதான் அதற்குரிய அறிமுகம். சாத்தான் என்ற பெயர் ஆதியாகமம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. யோபுவின் கதையில் சாத்தான் வருகிறான், ஆனால் அங்கே பாம்பு இல்லை. அங்கே எபிரேயத்தில் அது ஒருவனின் பெயர் என்பதை விட, குற்றம் சாட்டும் எதிராளி என்ற பொறுப்பின் பெயர். இரண்டையும் ஒன்றாக்கி, பழைய பாம்பே சாத்தான் என்று வெளிப்படையாகச் சொல்வது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் (12, 20ஆம் அதிகாரங்கள்). அது கி.பி. முதலாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

இதற்கு நடுவில் அதே பைபிளில் வேறு பாம்பும் இருக்கிறது. எண்ணாகமம் 21இல் மோசே வெண்கலப் பாம்பு செய்து கம்பத்தில் உயர்த்துகிறார். கடிபட்டவர்கள் அதைப் பார்த்துப் பிழைக்கிறார்கள். யோவான் 3இல் இயேசு தன்னையே அந்தப் பாம்புக்கு ஒப்பிடுகிறார். பிறகு சனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போடுகிறான். மருந்தாக இருந்ததும் அதுதான், உடைபட்டதும் அதுதான்.

இப்ப எங்கட பக்கம் வருவோம். குர்ஆனில் ஆதம் நபியின் கதை பல இடங்களில் வருகிறது. அதில் ஒரு இடத்திலும் பாம்பு இல்லை. இப்லீஸ் வாயில் ஒளிந்து சுவர்க்கத்துக்குள் போன பாம்புக் கதையை நான் சின்ன வயசில உம்மம்மாட மடியில கேட்டேன். அது தப்ஸீர்களில் வருவது. கி.பி. 923இல் மௌத்தான தபரி, வஹ்ப் இப்னு முனப்பிஹ் சொன்னதாக அதைப் பதிவு செய்கிறார். இப்னு கஸீர் இப்படியான கதைகளை இஸ்ராயீலிய்யாத் என்கிறார். அதாவது வேதக்காரர்களிடமிருந்து வந்தவை. 'எங்கட மார்க்கம்' எண்டு நாங்க மைக்கில கத்துற பாம்பு பக்கத்து வீட்டில இரவல் வாங்கினது! பெண்ணால்தான் ஆண் கெட்டான் என்ற கதையும் அப்படித்தான். குர்ஆனில் இருவருமே சறுக்குகிறார்கள். தாஹா சூராவில் ஷைத்தான் ஊசாட்டம் போடுவது ஆதமிடம்.

"அப்ப நாகதம்பிரானைக் கும்பிடச் சொல்றியா?" எண்டு கேப்பீங்க. இல்ல. நான் தவ்ஹீதை விட்டுட்டுப் பேசல்ல. ஷைத்தான் இல்லை என்றும் சொல்லவில்லை. விளக்கம் இல்லாமல் வேதம் வாசிக்க ஏலாது என்பதும் தெரியும். விளக்கத்தை விளக்கம் எண்டு சொல்லுங்க, அல்லாஹ்ட சொல்லாக்காதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது.

இது வெறும் கிதாபு விவகாரம் இல்லை. ஒருத்தன ஷைத்தான்ட ஆள் எண்டு தீர்ப்புச் சொன்னா அடுத்தது என்ன நடக்கும் எண்டு காத்தான்குடிக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1979இல் ஒரு சூபி மௌலவியும் அவரோடு நின்றவர்களும் முர்தத் என்று பத்வா வந்தது. 2004இல் சூபிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில், மௌத்தான ஒரு சூபித் தலைவரின் உடல் இந்த மண்ணில் இருக்கப்படாது என்று கலவரம் நடந்தது. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் ஸஹ்ரானின் கூட்டம் சூபிகளோடு மோதியது. 2019 ஏப்ரல் 21இல் அதே கூட்டம் தேவாலயங்களுக்குக் குண்டோடு போனது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். எங்களையும் ஒரு காலத்தில் ஆரோ விஷப் பாம்பாகத்தான் பார்த்தார்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றது அப்படித்தான். அந்தச் சுவரில் துளைகளைப் பார்த்து வளர்ந்த நாங்கள் இன்னொருத்தனைப் பாம்பு என்று சொல்ல முந்தி ரெண்டு தரம் யோசிக்க வேண்டாமா?

குர்ஆனில் பாம்புதான் இல்லை, இப்லீஸ் இருக்கிறான். அவன் ஸுஜூது செய்ய மறுத்த கதை ஏழு சூராக்களில் வருகிறது. ஏன் மறுத்தான்? தான் நெருப்பு, ஆதம் களிமண், அதனால் தானே உசத்தி என்று நினைத்தான். அவன்ட குற்றம் அதுதான். ஆகவே ஷைத்தானைத் தேடுகிறவர்கள் அடுத்தவன்ட வளவுக்குள்ள எட்டிப் பார்க்கத் தேவையில்லை. 'நான் அவனை விட மேல்' என்ற எண்ணம் எங்க வருதோ அங்க தேடினால் போதும்.

அண்டைக்கு அது எனக்குள்ளதான் இருந்தது. அந்தக் கிளிப்பை எங்கட குடும்ப குரூப்புக்கு அனுப்பினதே நான்தான். இந்தக் கட்டுரையையும் அதே குரூப்புக்கு அனுப்பிறேன். பேச்சு வாங்கத்தான் போறேன், பரவாயில்லை.