நம்மை விடும் கேம், நம்மை விடாத கேம்



இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், டெங்கு எல்லாத்துக்கும் லீவு. வீடியோ கேம் பத்தி ஒரு நீண்ட இழை. கொஞ்சம் பொறுமையா படிங்க. பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு உபயோகமா இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கேம்" என்ற ஒரே வார்த்தைக்குள் நாம் இரண்டு வெவ்வேறு பொருட்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று, முடிகிற ஆட்டம். இன்னொன்று, முடியவே முடியாத ஆட்டம். இரண்டையும் ஒரே வாயால் திட்டுகிறோம். அதனால்தான் நாம் சொல்வது எதையும் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை.

ஓபியில் தினமும் ஒரு அம்மாவாவது கேட்கிறார், "கேம் ஆடுறத நிறுத்த ஏதாச்சும் மருந்து இருக்கா சார்?" என்று. மருந்து கிடையாது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால் பதில் உண்டு.

எந்த கேம்?

நானும் கேம் ஆடுபவன்தான். முப்பது வயசு தாண்டிய டாக்டர் கேம் ஆடுவதா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது பழைய நிண்டெண்டோ டிஎஸ். 2004ல் வந்த கையடக்கக் கருவி. புத்தகம் மாதிரி திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழே இருப்பது டச் ஸ்கிரீன். உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற பொருள்.

அதில் நான் அதிகம் ஆடுவது நானோஸ்ட்ரே. ஷின்என் என்ற ஜெர்மன் நிறுவனம் 2005ல் செய்த விண்கல ஷூட்டர். மேல் திரையில் நம்ம விண்கலம் முன்னேறிப் போய்க்கொண்டே இருக்கும். எதிரிக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வரும், குண்டு மழை பொழியும். சுடணும், விலகணும், அவ்வளவுதான் கதை. ஆயுதத்தை மாற்ற வேண்டுமென்றால் கீழ்த் திரையை விரலால் தொட வேண்டும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது பட்டனில் இருக்கும் கட்டைவிரலை எடுத்து, கண்ணை ஒரு கணம் கீழே இறக்கி, தொட்டுவிட்டு மேலே வருவதற்குள் பாதி நேரம் கப்பல் வெடித்திருக்கும்.

அரை மணி நேரத்தில் லைஃப் எல்லாம் போய்விடும். திரையில் கேம் ஓவர். மூடி வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

இந்த "எழுந்து போகலாம்" என்பதுதான் இந்த இழையின் மையம்.

இந்த வகை ஆட்டத்தின் தாத்தா, ஜப்பானில் 1978ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். டைட்டோ நிறுவனத்தில் நிஷிகாடோ டொமோஹிரோ என்பவர் உருவாக்கியது. 5 வரிசை, வரிசைக்கு 11 பேர், மொத்தம் 55 வேற்றுகிரக ஜந்துக்கள். சுடச்சுட மிச்சம் இருப்பவை வேகமாக நகரும். இது திட்டம் போட்டுச் செய்தது அல்ல. 55 உருவங்களை வரைய அன்றைய சிப் திணறியது. எண்ணிக்கை குறைந்ததும் சிப்புக்கு வேலை குறைந்து உருவங்கள் வேகமெடுத்தன. "நல்லாத்தானே இருக்கு" என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். ஷூட்டர் ஆட்டங்களின் விறுவிறுப்பே இந்த ஏறும் வேகம்தான். ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் நாம் தோற்போம், ஆட்டம் முடியும்.

இப்ப போன்ல இருக்கிற பல இலவச கேம்களைப் பாருங்க. தோற்றால் என்ன ஆகும்? ஒரு விளம்பரம் பார், இன்னொரு லைஃப் தருகிறேன் என்கும். விளம்பரம் வேண்டாமா, பணம் கட்டு என்கும். மூடி வைத்தாலும் விடாது. ராத்திரி 10 மணிக்கு "உனக்காகப் பரிசு காத்திருக்கிறது" என்று நோட்டிஃபிகேஷன் வரும். ஒரு நாள் போகலைன்னா தொடர்ச்சி அறுந்துபோச்சுன்னு மிரட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும்.

கார்ட்ரிட்ஜில் வந்த ஆட்டத்தை விற்றவருக்கு, நாம் ஒருமுறை வாங்கியதோடு வேலை முடிந்தது. இலவச ஆட்டத்தை நடத்துபவருக்கு நாம் உள்ளே இருக்கும் நேரம்தான் வருமானம். அதனால் முதல் ஆட்டம் நம்மை விட்டுவிடும். இரண்டாவது விடாது.

(பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மூன்றாவது ரகம். அது சூதாட்டம். அதில் விவாதமே கிடையாது, கிட்டயே போகாதீங்க.)

சரி, "கேம் ஆடினா டோபமைன் சுரக்கும், அது போதை மாதிரி" என்று ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு சுற்றுகிறதே?

இதற்கு ஒரு மூலம் உண்டு. 1998ல் லண்டனில், பணப்பரிசோடு டேங்க் ஓட்டும் கேம் ஆடிய 8 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமைன் வெளியாவது தெரிந்தது. உண்மைதான். ஆனால் பசியோடு இருப்பவன் சாப்பாட்டைப் பார்த்தாலும், பிடித்த பாட்டைக் கேட்டாலும் இதே டோபமைன் வேலை செய்யும். டோபமைன் சுரப்பது நோய் அல்ல. கட்டுப்பாடு போவதுதான் நோய்.

உலக சுகாதார நிறுவனம் "கேமிங் டிஸ்ஆர்டர்" என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2019ல் ஒப்புதல், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. பார்க்கச் சொல்வது மூன்று விஷயம்.

1. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போய்விட்டதா?

2. சாப்பாடு, தூக்கம், படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட ஆட்டம் முக்கியமாகிவிட்டதா?

3. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறதா, அல்லது கூடுகிறதா?

இதனால் வாழ்க்கை நிஜமாகவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். தீவிரமாக இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. லீவு நாளில் இரண்டு மணி நேரம் ஆடுகிற பையன் நோயாளி அல்ல. அவனை "அடிக்ட்" என்று பத்து பேர் முன்னாடி சொல்லாதீங்க. உண்மையிலேயே மாட்டிக்கொண்டவனுக்கு அந்த வார்த்தை தேவைப்படும்.

அப்ப முடிகிற கேமில் உடம்புக்கு ஒண்ணுமே ஆகாதா?

ஆகும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டைவிரல்: ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடி மணிக்கட்டு வலி வந்ததை 1981லேயே ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. கையடக்கக் கருவியில் முழு பாரமும் கட்டைவிரலில்தான். டிஎஸ்ஸின் தொடுதிரை இன்றைய போன் மாதிரி லேசாகத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். இரண்டு மெல்லிய அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டால்தான் அதற்கு உணர்வு வரும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடிப்பக்கம் சுரீரென்று வலித்தால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி அம்மாக்களுக்கு வருவதும் இதே வலிதான். குழந்தையைத் தூக்காதே என்று யாரும் சொல்வதில்லை. பிடியை மாற்று, ஓய்வு கொடு என்கிறோம். இதற்கும் அதே வைத்தியம்தான்.

கண்: குண்டுக்கு விலகும்போது நாம் கண் சிமிட்ட மறக்கிறோம். எரிச்சல், உலர்ச்சி வரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடுவதற்குத் திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே வெளிச்சத்தில் விளையாடாததும் காரணம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை தினமும் 2 மணி நேரம் வெளியே இருக்க வைக்கிறார்கள். நம்ம ஊரில் வெயிலுக்குக் குறைவா? காலையும் மாலையும் தெருவுக்கு அனுப்புங்கள்.

வலிப்பு: விண்கல ஷூட்டரில் வெடிப்பும் மின்னலும் அதிகம். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றில் சுமார் 3 பேருக்கு மட்டும், வேகமாக மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். பிள்ளைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இது அதிகம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் 600க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. அதனால் இருட்டறையில் ஆடக்கூடாது, தூக்கம் கெட்ட அன்று ஆடக்கூடாது. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆடக்கூடாது.

சந்தர்ப்பத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீங்க. வாயில் எதையும் வைக்காதீங்க. ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைங்க. 5 நிமிடம் தாண்டினால் 108.

தூக்கம்: சின்னத் திரையின் வெளிச்சத்தை விட, ஆட்டம் தரும் படபடப்புதான் தூக்கத்துக்குப் பெரிய எதிரி என்பது என் கருத்து. கடைசி பாஸை அடிக்கும்போது இதயம் துடிக்கும் வேகத்தை நீங்களே தொட்டுப் பாருங்கள். அந்த உடம்பை உடனே தூங்கு என்றால் எப்படித் தூங்கும்? படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடி வையுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "கேம் ஆடினா மூளை வளரும்" கோஷ்டி.

2003ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ஆக்ஷன் கேம் ஆடுபவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடுவதைக் காட்டியது. 2007ல் அமெரிக்காவில் 33 சர்ஜன்களை வைத்து ஒரு ஆய்வு. முன்பு வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோப்பி பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகப் பிழை செய்தார்கள், 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 33 பேர்தான். கேம் ஆடியதால் கை திருந்தியதா, கை திருத்தமாக இருந்தவர்கள் கேம் பக்கம் போனார்களா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. அதனால் "டாக்டராகணும்னா கேம் ஆடு" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கேம் ஆட ஒரு காரணம் போதும். சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு மேல் நியாயம் கற்பிக்கத் தேவையில்லை.

நாம் ஏன் ஓய்வுக்குக் கூட லாபக் கணக்கு பார்க்கிறோம்? கேரம் ஆடினால் யாரும் கேட்பதில்லை. சீட்டுக்கட்டைக் கலைக்கும் பெரியப்பாவை யாரும் கேட்பதில்லை. பதினாறு மணி நேரம் படிப்பு, டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு அரை மணி நேரம் விண்கலம் ஓட்ட உரிமை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

எனவே பெற்றோருக்கு என் யோசனை. பிள்ளை ஆடும் கேமைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது தானாக முடியுமா?

2. மூடி வைத்த பிறகு கூப்பிடுமா?

3. நடுவில் காசு கேட்குமா?

4. தெரியாதவர்கள் உள்ளே வந்து பேச முடியுமா?

முதல் கேள்விக்கு ஆமாம், மற்ற மூன்றுக்கும் இல்லை என்றால், நேரத்தை மட்டும் பேசி முடிவு செய்தால் போதும். நடு ஆட்டத்தில் பிடுங்காதீங்க. "இந்த லைஃப் முடிஞ்சதும் மூடிடணும்" என்று சொல்லுங்க. முடிகிற கேமில் இந்த ஒப்பந்தம் செல்லும். முடியாத கேமில் செல்லாது, ஏனென்றால் அங்கே பிள்ளை ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் விடாது. அங்கே பிள்ளையோடு சண்டை போடுவதை விட அந்த ஆப்பை அழிப்பது நல்லது.

ஒரு முக்கியமான விஷயம். போனை வாங்கினால் அடிப்பது, பொருளை உடைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, செத்துப் போறேன் என்று சொல்வது, இதில் எதையும் "சும்மா மிரட்டுறான்" என்று விடாதீர்கள். ஆட்டத்துக்குப் பின்னால் மனச்சோர்வு, பள்ளியில் தொந்தரவு என்று வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது. போனில் பேச 104 அல்லது 14416. கூச்சமே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தம்பி, தங்கச்சி, நல்ல கேமுக்கு அடையாளம் கிராபிக்ஸ் கிடையாது. நீ எழுந்து போகும்போது அது உன்னைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதைப் பார்த்துத் தேர்ந்தெடு. உன் நேரம் உன் கையில் இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள், டூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.