துவக்கின் வாயை அடைத்தாலும்

எசல மாதத்து இரவில் கண்டி நகருக்குப் பெரஹரா காணச் சென்றவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். ஊர்வலம் புறப்படுவதை அறிவிக்கும் வேட்டுச் சத்தம் சுற்றியுள்ள மலைகளில் மோதித் திரும்பி வரும். சற்று நேரத்தில், யானைகளுக்கும் மேளங்களுக்கும் முன்னதாகக் கசையடிப்போர் வீதியிலே தோன்றுவர். கையிலுள்ள நீண்ட கசை அந்தரத்தில் ஒரு வளைவு வரையும். மறுகணமே துவக்கு வெடித்தாற்போல ‘சடார்’ என்றோர் ஓசை. கசையோ எதன்மேலும் படவில்லை. வெறுங்காற்றில் அவ்வோசை எங்கிருந்து பிறந்தது?

இந்தக் கேள்வியை நாம் எழுப்பக் காரணம் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம். திரைப்படங்களில் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகிவிட்டுச் சுடுகிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்பதில்லை. இது மெய்தானா என்று அவர் வினவியிருந்தார். மெய்யன்று என்பதே நமது விடை. ஏன் மெய்யன்று என்பதற்குச் சான்று கண்டி வீதியிலேயே இருக்கிறது; அந்தக் கசைதான் சான்று.

கசையைச் சுழற்றும்போது அதில் எழும் வளைவு, கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கி ஓடுகிறது. கசை நுனியில் மெலிந்திருப்பதால் வளைவு ஓட ஓட அதன் வேகம் பெருகி, இறுதியில் ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடுகிறது. ஒலியோ காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. ஒரு பொருள் அதைவிட விரைந்து சென்றால், முன்னே உள்ள காற்று விலகுவதற்கு அவகாசமின்றி அலையாகத் திரண்டு வெடிக்கிறது. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் இடியோசையும் கசையின் ‘சடார்’ ஓசையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையே.

ரைபிள் சுடும்போது எழுவது ஓர் ஓசையன்று, இரண்டு. குழலின் வாயிலிருந்து பேரழுத்தத்துடன் பீறிடும் வாயு எழுப்பும் முழக்கம் ஒன்று. விநாடிக்கு 700, 800 மீற்றர் வேகத்தில் செல்லும் சன்னம் வழிநெடுகக் காற்றைக் கிழிக்கும் கசையோசை மற்றொன்று. ஒலியடக்கி முதலாவதைத்தான் தணிக்க வல்லது. இரண்டாவது குழலை விட்டு வெளியேறிய பின்னர் நிகழ்வது. அதன்மீது ஒலியடக்கிக்கு ஆட்சி இல்லை.

இக்கருவியின் பிறப்பிலே ஒரு தந்தை மகன் கதை உண்டு. 1884ஆம் ஆண்டளவில் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கி உலகின் போர்முறையையே மாற்றியவர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். தம் துப்பாக்கிகளின் முழக்கத்தினருகே ஆண்டுக்கணக்கில் நின்றதால் முதுமையில் அவர் காது செவிடாயிற்று. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான் 1909இல் துப்பாக்கி ஒலியடக்கிக்கு அமெரிக்காவிலே உரிமைச்சாசனம் பெற்றார். குளியல் தொட்டியில் நீர் சுழித்து வடிவதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்ததென்பர். வாயுவையும் அவ்வாறே அறைகளுக்குள் சுழலவிட்டு, வேகமும் வெப்பமும் தணிந்த பின் மெல்ல வெளியேற்றுவதே அவர் கண்ட வழி. அதே தத்துவத்தை மோட்டார் எஞ்சின்களின் புகைபோக்கிக்கும் அவர் பயன்படுத்தினார். நம் முச்சக்கர வண்டிகளின் அடியில் தொங்கும் சைலன்சர் இதற்கு உடன்பிறப்பு. (அதைக் கழற்றிவிட்டுக் கண்டி வாவியைச் சுற்றும் இளைஞர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுவோம்.) தந்தையின் செவியைக் காக்க மகனின் கருவி காலங்கடந்தே வந்தது.

கண்டிக்கும் இக்கருவியின் வரலாற்றுக்கும் சற்று உறவு இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று மாணவர்கள் உல்லாசப் பயணம் செல்லும் அதே மரநிழலில் அன்று பர்மாப் போர் திட்டமிடப்பட்டது. பகைவர் பிரதேசத்துக்குள் இரகசியமாக ஆட்களை இறக்கிய ‘போர்ஸ் 136’ என்னும் அமைப்பும் அவ்வாண்டின் இறுதியில் தன் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றிற்று. ஓசையின்றிச் சுட வேண்டிய தேவை மிகுந்த காலம் அது. அக்காலத்தில் பிரித்தானியர் செய்த ‘டி லைல்’ என்னும் குறுந்துப்பாக்கியே ஒலியடக்கத்தில் பெரும் வெற்றி கண்டதாகச் சொல்லப்படுவது. அதன் இரகசியம் என்ன? ரைபிள் தோட்டாவைக் கைவிட்டு, ஒலியின் வேகத்தை எட்டாத கனத்த கைத்துப்பாக்கித் தோட்டாவை அதற்கென அமைத்தார்கள்; குழலைச் சுற்றிப் பெரிய ஒலியடக்கியைப் பொருத்தினார்கள்; சுட்டபின் அடுத்த தோட்டாவைக் கையால் ஏற்றும் முறையை வைத்ததால், தானியங்கிப் பொறியின் தடதடப்பும் இல்லாமற் போயிற்று. கசையோசை எழாதபடி சன்னத்தையே மெதுவாக்கியதுதான் அதிலே முக்கியமான செய்தி. அதற்கு விலையாகத் தொலைவும் வலிமையும் குறைந்தன.

நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் பலர் செவியின் நன்மை கருதி ஒலியடக்கியைப் பயன்படுத்துகின்றனர். அங்கே அதைத் தெரிந்தெடுப்பவர் முதலில் பார்ப்பது, அது தமது சன்னத்தின் விட்டத்துக்கும் தோட்டாவின் அழுத்தத்துக்கும் உரியதா என்பதையே. நீளமும் கொள்ளளவும் கூடினால் ஓசை அதிகம் தணியும். ஆனால் முனையில் பாரம் ஏறிக் கை தளரும். டைட்டேனியம் இலகுவானது, விலை அதிகம். உருக்கு கனமானது, நெடுநாள் உழைக்கும். இவற்றையெல்லாம்விட இணைப்புத்தான் உயிர்நாடி. குழல் முனையில் வெட்டிய திருகுபுரியில் நேரே திருகுவது ஒரு முறை. முனையில் நிலையாக ஒரு பூட்டை வைத்து, வேண்டும்போது மாட்டிக் கழற்றுவது இன்னொரு முறை. எதுவாயினும் குழலின் அச்சும் அடக்கியின் அச்சும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் அமையவேண்டும். புரி கோணலாக வெட்டப்பட்டிருந்தாலோ, சுடச்சுட இணைப்புத் தளர்ந்தாலோ, சன்னம் உள்ளேயுள்ள தடுப்பில் இடித்து அடக்கியே சிதறும். ஆகவே துப்பாக்கித் தொழிலறிந்தவர் அளவுகோல் இட்டுச் சரிபார்ப்பர். பயன்படுத்துவோர் இடையிடையே, துவக்கு வெறுமையாயிருப்பதை உறுதிசெய்துகொண்டு, இறுக்கத்தைச் சோதிப்பர். சில வேட்டுக்களிலேயே அது கைசுடும் அளவுக்குக் காய்ந்துவிடும்.

இத்தனை பாடுபட்டும் பெறும் பயன் எவ்வளவு? ரைபிள் வேட்டின் உச்ச ஓசை 160 டெசிபல் அளவினது. நல்ல ஒலியடக்கி அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். எஞ்சுவது 130 சொச்சம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். வெடியோசையில் வளர்ந்தோர் செவிக்கு 140 டெசிபலையும் சிறுவர் செவிக்கு 120 டெசிபலையும் உச்ச வரம்பாக உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி குறித்திருக்கிறது. ஆதலால் ஒலியடக்கி மாட்டியவரும் காதடைப்பான் அணிதல் வேண்டும்.

நம் மலைநாட்டு விவசாயியின் நிலை வேறு. அவரிடம் இருப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க, 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருக்கும் வேட்டைத் துவக்கு. ஈயக் குண்டுகள் பரந்து பாயும் அத்தகைய துவக்குக்கு ஒலியடக்கி எளிதில் பொருந்துவதில்லை. தாமாக ஏதேனும் குழாயை ஒட்டிப் பார்ப்பது சட்டத்துக்கும் உயிருக்கும் கேடு. அதன் வேட்டோ 150 டெசிபலைத் தாண்டும். பயிரைக் காக்கும் அவர் காதைக் காப்பவர் எவருமில்லை.

கம்பளைக்கு அப்பால் நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் மரவள்ளித் தோட்டத்துக்கு இரவுக் காவல் இருந்தவர். ஒருநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். மழை விட்ட நேரம். சில்வண்டுகள் காதைத் துளைத்தன. “இப்போதெல்லாம் சில்வண்டு கத்துவதில்லை, மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள்” என்றார் அவர். நாம் பதில் சொல்லவில்லை. பேரப்பிள்ளை “தாத்தா, பட்டு வேட்டியை எடுத்துத் தரட்டா?” என்று கேட்டாள். “பத்து வேட்டி எதற்கு?” என்று அவர் திருப்பிக் கேட்க, பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

செவியின் உட்புறத்தில் நத்தையோடு போன்ற சுருள் ஒன்று உண்டு. அதனுள்ளே ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் ஒலியலையில் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பேரோசை அவற்றை முறித்துவிட்டால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் கலங்களே முதலில் சாகின்றன. அதனால் சில்வண்டு மறைகிறது, பிறகு மெய்யெழுத்துகள் மங்குகின்றன. உயிரோசை மட்டும் கேட்பதால், ‘கேட்கிறது, விளங்கவில்லை’ என்னும் நிலை. வலத்தோளில் துவக்கை வைத்துச் சுடுபவருக்கு இடக்காதே அதிகம் கெடும். குழல்வாயை நோக்கியிருப்பது அதுதான், வலக்காது தலையின் மறைவில் இருக்கிறது. அந்தப் பெரியவரும் பேசுபவரை எப்போதும் தமது வலப்பக்கத்திலேயே உட்காரச் சொல்வார்.

காதடைப்பான் விலையுயர்ந்த பொருளன்று. நுரைப்பஞ்சால் ஆனதை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னாற் கொண்டுவந்து செவிமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்கவேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அணிந்தும் பயனில்லை. வெறும் பஞ்சைத் திணிப்பது போதாது. துவக்குச் சுடுபவர் இதன்மேல் காதுறையும் அணிவது நன்று. வேட்டுக்குப்பின் காதிலே இரைச்சல் எழுந்து மறுநாளும் அடங்காதிருந்தால், தானாகச் சரியாகுமென்று காத்திராமல் உடனே காது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபல் குறையும். எசல இரவில் வீதியோரத்தில் இடம் பிடிக்கும் பெற்றோர் வேட்டுப் போடும் இடத்திலிருந்து எட்டவே பாய் விரிக்கலாம். கசையடிப்போர் வரும்போது கைக்குழந்தையை முன்வரிசையில் நிறுத்தாமல், இரு உள்ளங்கைகளால் அதன் காதுகளைப் பொத்திக்கொள்ளலாம். அவர்கள் கடந்து கொடிகளும் யானைகளும் வரத் தொடங்கியபின் கைகளை எடுக்கலாம். ஆனால் மேளக்காரர் அண்மையில் வந்து நின்று முழக்கினால் மறுபடியும் பொத்தத்தான் வேண்டியிருக்கும்.